வீவக படிக்கட்டிலிருந்து வெண்பனி முகடு வரை: சோலில் ஒரு குளிர்கால மலைநடைக்குத் தயாராவது எப்படி?

சிங்கப்பூரின் மிக உயரமான இயற்கைக் குன்று புக்கிட் தீமா. அதன் உயரம் 163 மீட்டர்தான். அதில் ஏறி இறங்கியே மலைநடை மீது ஆசை கொண்டவர்கள் நம்மில் பலர். ஆண்டு இறுதி விடுமுறைக்கு நண்பர்களோடு தென்கொரியா புறப்படும்போது, “ஒரு நாள் மலையும் ஏறிவிடலாம்” என்று பயணத் திட்டத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்கிறார்கள். அந்த ஒரு வரிக்கு இரண்டு மாத உழைப்பு தேவை என்பதை நான் ஏறிப் பார்த்துத்தான் அறிந்தேன். புதிதாகப் போகிறவர்களுக்கு அது முன்பே தெரிந்திருக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

நான் சொல்லப்போவது தென்கொரியத் தலைநகர் சோலின் வடக்கு விளிம்பில் நிற்கும் புக்கான்சான் மலையைப் பற்றி. 1983-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம். அதன் உச்சியான பெகுன்தே 836 மீட்டர் உயரம்; ‘வெண்முகில் மேடை’ என்று அந்தப் பெயருக்குப் பொருள். நகர ரயிலிலேயே அடிவாரத்துக்குப் போய்விடலாம், நுழைவுக் கட்டணம் இல்லை, காலையில் ஏறி மாலைக்குள் இறங்கிவிடலாம். அதனால் சுலபமான மலை என்று நினைத்துவிட வேண்டாம். கடைசிப் பகுதி வெறும் கருங்கல் முகடு. இரும்புக் கம்பியைப் பிடித்துத்தான் ஏற வேண்டும்.

முதல்முறை போகிறவர்கள் எல்லாரும் என்னிடம் குளிரைப் பற்றியே கேட்கிறார்கள். குளிருக்குக் கடையில் மருந்து இருக்கிறது. நம் ஊர்க்காரர்களை மலையில் மாட்டிவிடுவது வேறு இரண்டு: நம் வியர்வை, சீக்கிரம் சாய்ந்துவிடும் பொழுது. இந்த இரண்டையும் நாம் சிங்கப்பூரில் பொருட்படுத்துவதே இல்லை.

எட்டு வாரத்துக்கு முன்: படிக்கட்டு

அடிவார ரயில் நிலையத்திலிருந்து பெகுன்தே உச்சிக்கு ஏறக்குறைய 700 மீட்டர் ஏற்றம். பன்னிரண்டு மாடி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக் ஒன்றைக் கீழ்த்தளத்திலிருந்து மேல்மாடி வரை ஏறினால் சுமார் 30 மீட்டர். அப்படியென்றால் உங்கள் புளோக்கை இருபத்து மூன்று முறை ஏற வேண்டும். ஒரே நாளில் அல்ல. முதல் வாரம் ஐந்து முறையில் தொடங்குங்கள். வாரத்துக்கு இரண்டு நாள், ஒவ்வொரு வாரமும் இரண்டு மூன்று முறை கூட்டிக்கொண்டே போனால் எட்டாவது வாரத்தில் அந்த எண்ணிக்கையைத் தொட்டுவிடலாம். கடைசி மூன்று வாரங்களில் முதுகுப் பையில் நான்கைந்து கிலோ சுமையும் வைத்துக்கொள்ளுங்கள். அரிசி மூட்டையோ தண்ணீர்ப் புட்டிகளோ போதும்.

இங்கே பலர் செய்யும் ஒரு தவற்றைச் சொல்லியாக வேண்டும். படியில் ஏறிவிட்டு மின்தூக்கியில் இறங்குகிறார்கள். நடந்தே இறங்குங்கள். மலையில் மூச்சு வாங்குவது ஏறும்போது; தொடை நடுங்குவதும் முழங்கால் நோவதும் இறங்கும்போது. கால் தளர்ந்தவன்தான் உறைந்த பாறையில் வழுக்குகிறான். இறங்கிப் பழகாத தொடை, ஏற்றத்தில் எவ்வளவு தேறியிருந்தாலும் பயனில்லை.

வார இறுதியில் ஒரு நாளை நண்பர்கள் எல்லாரும் சேர்ந்து நடப்பதற்கு ஒதுக்குங்கள். புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதி காலை ஏழு மணிக்குத் திறக்கிறது. பியூட்டி வோர்ல்ட் எம்ஆர்டி நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். உச்சிக்குப் போகும் தார்ச்சாலையின் செங்குத்தான பகுதியை மூன்று நான்கு முறை ஏறி இறங்கிவிட்டு, டெய்ரி ஃபார்ம் பக்கம் இறங்கி நீண்ட நடையாக முடியுங்கள். பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள், குரங்குகள் அதைச் சாப்பாடு என்று நினைத்துப் பறிக்க வரும். டிசம்பர், ஜனவரி மாதங்கள் நமக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம். இடியும் மின்னலும் இல்லாத தூறலில் நடப்பது நல்ல பயிற்சியே. ஈரப் பாறையில் எங்கே கால் வைப்பது என்று கண் பழகும். மின்னல் எச்சரிக்கை இருந்தால் அன்று வீட்டுப் படிக்கட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இந்தக் கூட்டுநடைகளில் தெரிந்துகொள்ள வேண்டியது உடல்திறனை மட்டுமல்ல. யார் களைத்தால் வாயே திறக்க மாட்டார், யார் பசித்தால் எரிந்து விழுவார், யாருக்குப் பாதையில் நிற்கவே பிடிக்காது என்பதெல்லாம் புக்கிட் தீமாவிலேயே தெரிந்துவிடும். அதை 800 மீட்டர் உயரத்தில் முதன்முதலாகக் கண்டுபிடிப்பது நல்லதல்ல.

காலணி

மற்றவற்றில் சிக்கனம் பார்க்கலாம், இதில் வேண்டாம். கணுக்காலை மூடும், தண்ணீர் புகாத, ஆழமான பள்ளங்கள் கொண்ட அடிப்பாகமுள்ள மலைநடைக் காலணி தேவை. கடைக்கு மாலையில் போங்கள், பாதம் அப்போதுதான் சற்று வீங்கியிருக்கும். தடித்த கம்பளிக் காலுறையைக் கையோடு கொண்டுபோய் அதை அணிந்துகொண்டே போட்டுப் பாருங்கள். விரல்களை உள்ளே அசைக்க முடிய வேண்டும். இரண்டு காலுறை போட்டு இறுக்கினால் சூடாக இருக்கும் என்பது தவறான எண்ணம். இறுக்கம் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும், விரல் இன்னும் விரைவாக மரத்துப்போகும். வாங்கிய காலணியை இங்கேயே குறைந்தது முப்பது, நாற்பது கிலோமீட்டர் நடந்து பழக்குங்கள்.

வீட்டில் பழைய காலணி இருக்கிறது, புதிது எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு நிகழ்ச்சி. எங்கள் முதல் பயணத்தில் ஒரு நண்பர், ஐந்து ஆண்டுகளுக்கு முன் வாங்கி இரண்டே முறை அணிந்த நல்ல காலணியைக் கொண்டுவந்திருந்தார். பார்க்கப் புதிது போலவே இருந்தது. ஏறத் தொடங்கி ஒரு மணி நேரத்தில் வலது காலணியின் அடிப்பாகம் முன்பக்கமாக வாய் பிளந்தது. சிறிது தூரத்தில் முழுதாகக் கழன்றே விட்டது. இடையில் இருந்த நுரைப்பொருள் பிட்டு மாவு போல உதிர்ந்துகொண்டிருந்தது. பல காலணிகளின் இடைப்பகுதி பாலியூரித்தேனால் ஆனது. காற்றில் உள்ள ஈரப்பதம் அதை மெல்ல மெல்லச் சிதைக்கும். நம் ஊர் ஈரப்பதத்தில், அலமாரிக்குள் பூட்டி வைத்த காலணி நடக்காமலேயே செத்துப்போகும். அன்று கயிற்றால் கட்டிக்கொண்டு அவரை மெதுவாக இறக்கிக் கூட்டிவந்தோம். புறப்படும் முன் உங்கள் காலணியின் அடிப்பாகத்தை இரண்டு கைகளாலும் நன்றாக வளைத்துப் பாருங்கள். வெடிப்போ, விரலில் ஒட்டும் பிசுபிசுப்போ, உதிர்வோ தெரிந்தால் அது மலைக்கு வேண்டாம்.

காலணியோடு சேர்ந்தது, அதன் அடியில் மாட்டும் இரும்பு முள் சங்கிலி. கொரியாவில் ‘ஐஜென்’ என்று கேட்டால் எந்த மலைக்கடையிலும் எடுத்துத் தருவார்கள். நாம் தமிழில் பனி என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறோம். மலையில் இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். புதிதாகப் பெய்த வெண்பனி பஞ்சு போல் காலைத் தாங்கும். பகலில் உருகி இரவில் மீண்டும் உறைந்தது கண்ணாடி போல் பாறையில் ஒட்டிக்கிடக்கும். பார்த்தால் வெறும் ஈரம் போலவே இருக்கும். வழுக்கிய பிறகு மாட்டலாம் என்று நினைக்காதீர்கள். பாதையில் முதல் உறைபனி தென்பட்டதும் உட்கார்ந்து மாட்டிக்கொள்ளுங்கள்.

உடை

ஜனவரியில் சோல் நகரின் அதிகாலை வெப்பநிலை சராசரியாகச் சுழியத்துக்குக் கீழே ஐந்தாறு டிகிரி. உயரம் 100 மீட்டர் கூடக் கூட ஏறக்குறைய 0.6 டிகிரி குறையும். எனவே உச்சியில் சுழியத்துக்குக் கீழே 10 டிகிரியை எதிர்பார்க்கலாம். அந்த 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால் வெற்றுத்தோலுக்கு அது சுழியத்துக்குக் கீழே 20 டிகிரி போல உறைக்கும். 2018 ஜனவரியில் சிங்கப்பூரில் 21 டிகிரி வரை இறங்கியபோதே நாம் கம்பளிச் சட்டை தேடினோம்.

ஆனாலும் தடித்த ஒரே மேலங்கியை வாங்கிப் போட்டுக்கொண்டு ஏறாதீர்கள். பத்தே நிமிடத்தில் வியர்த்துவிடும். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு விரைவாக உடல் சூட்டைக் கடத்திச் செல்லும். ஏறும்போது நனைந்த சட்டை, உச்சியில் நின்று படம் எடுக்கும் ஐந்து நிமிடத்தில் உங்களைக் குளிர்பதனப் பெட்டிக்குள் தள்ளிவிடும். அதிலும் பருத்தி மிக மோசம். நம் வெயிலுக்கு வரமாக இருக்கும் பருத்திப் பனியன் வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், காயவே காயாது. ஜீன்ஸும் அப்படித்தான். மலைக்கான பையில் பருத்தித் துணி ஒன்றுகூட இருக்கக் கூடாது, உள்ளாடை உட்பட.

மூன்று அடுக்குகள் போதும். உடலோடு ஒட்டி, வியர்வையை வெளியே கடத்தும் மெல்லிய மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர் சட்டை. அதற்கு மேல் சூட்டைப் பிடித்துவைக்கும் ஃபிளீஸ் எனும் மெத்தென்ற செயற்கை இழைச் சட்டை. எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் ஈரமும் புகாத மெல்லிய மேலங்கி. இறகு அடைத்த தடித்த மேலங்கி உங்களிடம் இருந்தால் அது பையில் இருக்கட்டும். நின்று ஓய்வெடுக்கும்போது எடுத்துப் போட்டுக்கொள்ள அதைவிடச் சிறந்தது இல்லை. இவற்றையெல்லாம் டெகாத்லான் போன்ற கடைகளில் அதிக வெள்ளி செலவழிக்காமல் வாங்கிவிடலாம். காதை மூடும் தொப்பி, கழுத்துக்கு ஒரு துணிக்குழாய், இரண்டு சோடிக் கையுறை. ஒரு சோடி நனைந்தால் மற்றொன்று. கம்பியைப் பிடித்து ஏறவேண்டியிருப்பதால் உள்ளங்கையில் பிடிப்புள்ள கையுறையாகப் பாருங்கள்.

அடிவாரத்தில் நின்றிருக்கும்போது சற்றே குளிர வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் ஒரு அடுக்கு கூடுதல் என்று பொருள். வியர்க்கத் தொடங்கும் முன்பே கழற்றுங்கள், நின்றவுடன் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாளில் பத்து முறைகூடச் சலிக்காமல் இதைச் செய்ய வேண்டும். வியர்ப்பதை நாம் உழைப்பின் அடையாளமாகப் பார்த்து வளர்ந்தவர்கள். மலையில் வியர்த்தால் வேகம் அதிகம் என்று எடுத்துக்கொண்டு நடையைக் குறையுங்கள்.

உதட்டுக்கும் கன்னத்துக்கும் தேங்காய் எண்ணெய் கொண்டுபோக வேண்டாம், புட்டிக்குள்ளேயே கல்லாகிவிடும். வாசலின் போதும்.

சாப்பாடு, தண்ணீர், கைபேசி

கட்டுச்சோறு என்றாலே நமக்குப் புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும்தான். குளிரில் சோறு விறைத்துப்போய் வாயில் மணல் போல் உதிரும். கையுறையைக் கழற்றாமல் தின்னக்கூடியதாக எடுத்துச் செல்லுங்கள்: கடலை மிட்டாய், எள்ளுருண்டை, முந்திரி, பேரீச்சை. தேக்காவிலும் முஸ்தபாவிலும் எல்லாம் கிடைக்கும். இறைச்சிப் பண்டங்களையும் புதுப் பழங்களையும் கொரியாவுக்குள் கொண்டுபோகாதீர்கள், விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். பசிக்கும்வரை காத்திருக்காமல் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு வாய் தின்னுங்கள். உடம்பு சூட்டை உண்டாக்க எரிபொருள் வேண்டும்.

குளிரில் தாகம் தெரியாது, ஆனால் மூச்சோடு நீர் போய்க்கொண்டேதான் இருக்கும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், அத்துடன் சூடு காக்கும் குடுவை ஒன்று. எங்கள் குடுவையில் சுக்கு மல்லிக் காப்பிதான், கருப்பட்டி சற்றுக் கூடுதலாகப் போட்டு. சாதாரணப் புட்டியைப் பையில் தலைகீழாகச் செருகுங்கள். தண்ணீர் மேலிருந்துதான் உறையும், மூடிப் பக்கம் உறையாமல் இருக்கும்.

கைபேசியின் மின்கலம் குளிரில் சட்டென்று வற்றும். மேலங்கியின் உட்பையில், உடம்புச் சூட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். கையடக்க மின்னூட்டியை விமானத்தில் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். கொரியாவில் வழிதேட நேவர் மேப் செயலியைக் கைபேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். தலையில் மாட்டும் விளக்கு ஆளுக்கு ஒன்று, பகல்நடைக்கும் கட்டாயம்.

திரும்பும் நேரத்தைச் சிங்கப்பூரிலேயே முடிவு செய்யுங்கள்

நமக்கு ஆண்டு முழுவதும் மாலை ஏழு மணிக்குத்தான் இருட்டும். அந்தப் பழக்கத்தோடு போகிறோம். டிசம்பர் பிற்பகுதியில் சோலில் சூரியன் உதிப்பது காலை ஏழே முக்காலுக்கு. மறைவது ஐந்தேகால் மணியை ஒட்டி. ஒன்பதரை மணி நேரப் பகல்தான் கையில் இருக்கிறது. பள்ளத்தாக்குப் பாதையில் அதற்கும் முன்பே இருள் கவியும்.

எனவே குழுவாக உட்கார்ந்து ஒரு நேரத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் வைப்பது பகல் பன்னிரண்டரை. அப்போது எங்கே நின்றாலும், உச்சி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும், திரும்பிவிட வேண்டும். நான்கிலிருந்து ஆறு பேர் நல்ல அளவு. முடிவு சொல்ல ஒருவர், கடைசியில் வர ஒருவர். மெதுவாக நடப்பவரை இரண்டாவது ஆளாக நடக்கவிடுங்கள். அவர் வேகமே குழுவின் வேகம். யாரையும் “நீ இங்கேயே இரு, நாங்கள் போய்விட்டு வருகிறோம்” என்று தனியே விட்டுச் செல்லாதீர்கள். நடந்துகொண்டிருக்கும்வரைதான் உடம்பு சூடாக இருக்கும்.

இரண்டாவது பயணத்தில் நாங்கள் உச்சிக்குச் சற்றுக் கீழே உள்ள பழைய மலைக்கோட்டை வாயிலை அடைந்தபோது மணி பன்னிரண்டு இருபது. உச்சியில் பறக்கும் கொரியக் கொடி கண்ணுக்குத் தெரிந்தது. எங்களில் ஒருவர் உள்ளே பருத்திச் சட்டை அணிந்திருந்ததை அப்போதுதான் கவனித்தோம். அவருக்கு நடுக்கம் பிடித்திருந்தது. கையுறையை மாட்ட விரல் ஒத்துழைக்கவில்லை. “அண்ணா, இன்னும் அரைமணி நேரம்தான், போய்விட்டு வந்துவிடலாம்” என்றார் குழுவில் இளையவர். “தம்பி, இவனைப் பார். இறங்குகிறோம்” என்றார் எங்களில் மூத்தவர். யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. பேச வேண்டியதையெல்லாம் அங் மோ கியோவில் ஒரு கோப்பிக்கடையில் பேசி முடித்திருந்தோம். அந்தப் பேச்சு நடந்திராவிட்டால் நான் உட்பட எல்லாரும் மேலே போயிருப்போம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

அந்த அறிகுறிகளை எல்லாரும் மனத்தில் வைத்திருங்கள்: விடாத நடுக்கம், வாய் குழறுதல், கால் தடுமாறுதல், விரல் சொன்னபடி கேட்காமை. கண்டதும் காற்று படாத இடத்துக்கு அழைத்துச் சென்று, ஈரத்துணியை மாற்றி, சூடானதும் இனிப்பானதுமாகக் குடிக்கக் கொடுங்கள். சூடு ஏறாமலேயே நடுக்கம் நின்றுபோனால் அது தேறியதன் அடையாளம் அல்ல, பேராபத்து. உடனே கொரியாவின் அவசர உதவி எண்ணான 119-ஐ அழையுங்கள். பாதையோரம் எண் எழுதிய கம்பங்கள் நிற்கும். கடைசியாகக் கடந்த கம்பத்தின் எண்ணைச் சொன்னால் மீட்புக் குழு இடத்தைக் கண்டுபிடித்துவிடும். ஒவ்வொரு கம்பத்தையும் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டே போவது எங்கள் வழக்கம். விரல் வெளுத்து மரத்தால் தேய்க்கக் கூடாது, அக்குளுக்குள் வைத்துச் சூடேற்றுங்கள்.

புறப்படும் முன் மலைநடையையும் சேர்த்துக் காக்கும் பயணக் காப்புறுதி எடுங்கள். எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். சோல் நமக்கு ஒரு மணி நேரம் முன்னால் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அம்மா வீணாகப் பதறுவார்.

சோலில்

இரவு விமானத்தில் போய் இறங்கிய அன்றே மலைக்குப் போகாதீர்கள். ஒரு நாள் தூங்குங்கள். மறுநாள் நகருக்குள்ளேயே இருக்கும் இன்வாங்சான் குன்றில் ஒத்திகை பாருங்கள். 338 மீட்டர்தான். 1396-ல் எழுப்பிய நகர மதிலை ஒட்டியே முகட்டுப் பாதை போகிறது. எந்த அடுக்கை எப்போது கழற்றுவது, முள்சங்கிலியைக் கையுறையோடு மாட்ட முடிகிறதா என்பதெல்லாம் அங்கே தெளிவாகிவிடும். சீனப் புத்தாண்டு விடுமுறையில் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: கொரியர்களின் புத்தாண்டான ‘சொல்லால்’ பண்டிகையும் பெரும்பாலும் அதே நாளில்தான் வரும். பல கடைகளும் உணவகங்களும் மூடியிருக்கும்.

மூன்றாம் நாள் காலை உயி–சின்சொல் இலகு ரயிலின் கடைசி நிலையமான புக்கான்சான் உயியில் எட்டு மணிக்கு இருங்கள். அந்தப் பகுதியில் சோல் நகர நிர்வாகத்தின் மலைநடைச் சுற்றுலா நிலையம் ஒன்று இருக்கிறது. காலணி, ஊன்றுகோல், முள்சங்கிலி எல்லாம் அங்கே வாடகைக்குக் கிடைக்கும். திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் முன்பே பார்த்து, முந்திய நாளே வாங்கிக்கொள்வது நல்லது. கடும் பனிப்பொழிவு எச்சரிக்கை வந்தால் பூங்கா நிர்வாகம் பாதைகளை மூடிவிடும். அன்று வேறு வேலை பாருங்கள், தடுப்பைத் தாண்டாதீர்கள்.

தோசொன்சா புத்தர் கோயில் வரை சாலை. அங்கிருந்து காட்டுப்பாதை ஏறி ஹாருஜே கணவாயைத் தொடும். அதைக் கடந்தவுடன் இன்சுபோங் பாறை ஒரே கல்லாக வானத்தை மறைத்துக்கொண்டு எதிரே எழும். அதைப் பார்த்த முதல் முறை நாங்கள் யாருமே பேசவில்லை. அடுத்து வருவது படிகளும் பாறைகளும் கலந்த செங்குத்து ஏற்றம். அதன் முடிவில் 1711-ல் கட்டிய மலைக்கோட்டையின் சிறு வாயில். இங்கே நின்று தின்னுங்கள், இறகு மேலங்கியைப் போடுங்கள், மணியைப் பாருங்கள், ஊன்றுகோலை மடித்துப் பையில் வையுங்கள். இனி இரண்டு கையும் கம்பிக்குத் தேவை.

கம்பிப் பகுதியில் ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையே நாலைந்து அடி இடைவெளி விடுங்கள். இறங்குபவருக்கு வழி விட்டு ஒதுங்கி நில்லுங்கள். காற்று நிற்கவிடாமல் தள்ளினால், பாறை முழுதும் கண்ணாடியாக இருந்தால், வாயிலோடு திரும்பிவிடுங்கள். மேலே போனால் கொடிமரத்தடியில் நிற்க இடம் கொஞ்சம்தான். தெற்கே சோல் நகரம் முழுவதும் விரிந்து கிடக்கும். பத்து நிமிடம் போதும்.

இறங்கும்போது முள்சங்கிலியைச் சீக்கிரம் கழற்றிவிடாதீர்கள். நிழல் விழும் சரிவுகளில் மாலை வரை உறைபனி இருக்கும். வெறும் பாறை நீளமாக வந்தால் மட்டும் கழற்றுங்கள். அடிவாரத்தில் முதல் வேலை உள்சட்டையை மாற்றுவது, இரண்டாவது வேலை சூடான சூப். அந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

சாங்கி வந்து சேர்ந்த பிறகும் ஒரு வேலை பாக்கி. காலணியைக் கழுவி, உள்ளே பழைய தமிழ் முரசுத் தாள்களைத் திணித்து, மின்விசிறிக்கடியில் இரண்டு நாள் உலர்த்துங்கள். வெயிலில் வேண்டாம், பசை இளகும். உலர்ந்த பின் அலமாரியில் பூட்டாமல் காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். மாதம் ஒருமுறை அதைப் போட்டுக்கொண்டு புக்கிட் தீமா ஏறி, அடிப்பாகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.